எது குரு, யார் தீர்ப்பது?

(வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சீக்கியர்களுக்குள்ளே ஒரு நூலைப் பற்றி நடக்கிற சண்டையை இங்கே எதுக்குப் பேசணும் என்று தலைப்பைப் பார்த்ததும் சிலர் யோசித்திருப்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக ஒரு கொலையிலிருந்து தொடங்குகிறேன்.

2021 அக்டோபர் 15, விடிகாலை. டெல்லி எல்லையில் சிங்கு என்கிற இடம். விவசாயிகள் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு மனிதரைக் கையைத் துண்டித்துக் கொன்று, போலீஸ் தடுப்பில் கட்டி வைத்திருந்தார்கள். செத்தவர் பஞ்சாபில் தரன் தாரன் மாவட்டத்துக் கூலித் தொழிலாளி. தலித் சீக்கியர். மூன்று பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். நீல உடுப்பும் ஆயுதமுமாக இருக்கிற நிகாங்குகளில் ஒரு குழு பொறுப்பேற்றது. எங்கள் புனித நூலை அவமதித்தான், அதனால் செய்தோம் என்றார்கள். சிலர் கைதானார்கள். அவர் உண்மையிலேயே எதையாவது செய்தாரா என்று கொல்வதற்கு முன்னால் யாரும் விசாரிக்கவில்லை. விசாரணைக்கு முன்னாலேயே தண்டனை முடிந்துவிட்டது.

எந்த நூலை அவமதித்ததாகச் சொன்னார்கள்? இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று கவனிக்கணும். சீக்கியர்கள் எல்லாரும் குருவாக வணங்குகிற குரு கிரந்த் சாகிப் இல்லை. சர்ப்லோ கிரந்த் என்று வேறொரு நூல். பத்தாவது குரு கோவிந்த் சிங் எழுதியது என்று நிகாங்குகள் நம்புகிறார்கள். மற்ற சீக்கியர்களில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதை எழுதியது யார் என்பதே தீராத வழக்கு. வழக்கில் கிடக்கிற ஒரு நூலின் பெயரால் ஒரு தலித் கூலியின் உயிர் போகிறது என்றால், அந்த நூலுக்கு அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? இதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

சீக்கிய மரபைப் பழக்கமில்லாத தோழர்களுக்காக முதலில் ஒரு சிறு வரலாறு.

ஐந்தாவது குரு அர்ஜன் 1604 இல் ஒரு பெருந்தொகுப்பை உருவாக்கி அமிர்தசரஸ் ஹர்மந்திரில் வைத்தார். ஆதி கிரந்தம் அதுதான். அதிலே குருமார்களின் பாடல்கள் மட்டும் இல்லை. நெசவாளி கபீர் இருக்கிறார். துணியில் அச்சடிக்கிற சாதியில் பிறந்த நாமதேவ் இருக்கிறார். கசாப்புக்காரர் சத்னா, நாவிதர் சைன், முஸ்லிம் சூஃபி ஷேக் ஃபரீத் இருக்கிறார்கள். செத்த மாட்டைத் தூக்குகிற சாதியில் பிறந்த ரவிதாஸின் நாற்பது பாடல்கள் இருக்கின்றன. உலகத்தில் எத்தனை மதங்களின் வேதப் புத்தகத்தில் ஒரு சமாரின் குரல் சேர்ந்திருக்கிறது, சொல்லுங்கள். ஒன்பதாவது குருவின் பாடல்கள் பிறகு சேர்ந்தன. 1708 இல் நாந்தேடில் குரு கோவிந்த் சிங் தம் மரணத்துக்கு முன்னால், இனி மனித குரு கிடையாது, கிரந்தமே குரு என்று அறிவித்தார் என்பது மரபு. இன்று அச்சில் அது 1430 பக்கம்.

குரு கோவிந்த் சிங்கின் பாடல்கள் அந்த 1430 பக்கத்துக்குள் இல்லை. அவர் பெயரில் வழங்குகிறவை தனியாக ஒரு பெருநூலில் இருக்கின்றன. தசம் கிரந்த் என்கிறார்கள். பத்தாமவரின் நூல் என்று பொருள். அச்சில் 1428 பக்கம். பெரும்பகுதி பிரஜ் மொழி, கொஞ்சம் பஞ்சாபி, கொஞ்சம் பாரசீகம், எல்லாம் குர்முகி எழுத்தில். அதிலே உருவமற்ற கடவுளைப் போற்றும் ஜாப் இருக்கிறது. அவுரங்கசீப்புக்கு எழுதிய ஜஃபர்நாமா என்ற கடிதம் இருக்கிறது. சண்டி என்கிற தேவியின் போர்க்கதைகள் இருக்கின்றன. விஷ்ணுவின் இருபத்து நாலு அவதாரக் கதை நீளமாக இருக்கிறது. சரித்ரோபாக்கியான் என்று நானூறுக்கு மேற்பட்ட கதைகளும் இருக்கின்றன. பெண்களின் சூழ்ச்சி, கள்ளக் காதல், ஏமாற்று என்று போகிற கதைகள் அதில் ஏராளம்.

சண்டை இதைப் பற்றித்தான். இது முழுவதும் குரு எழுதியதா? பாதி எழுதினாரா? அவருடைய அவையில் இருந்த கவிஞர்கள் எழுதியதா? இடையிடையே ராம், ஷ்யாம் என்ற பெயர்கள் முத்திரையாக வருகின்றன. இவர்கள் அவைக் கவிஞர்கள் என்கிறது ஒரு தரப்பு. இல்லை, குருவின் புனைபெயர்கள் என்கிறது இன்னொரு தரப்பு. பழைய சுவடிகளில் பகுதிகளின் வரிசையும் அளவும் ஒன்றுபோல இல்லை. குருவின் காலத்துக்குப் பிறகு பாயி மணி சிங் தொகுத்தார் என்கிறது மரபு. அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிற கடிதமே போலி என்று வாதிட்ட அறிஞர்கள் இருக்கிறார்கள்.

இதைவிடச் சுவாரசியமான ஒரு செய்தியை கான் சிங் நாபா தம்முடைய மகான் கோஷ் என்ற கலைக்களஞ்சியத்தில் பதிந்திருக்கிறார். மணி சிங் கொல்லப்பட்ட பிறகு தம்தமாவில் சீக்கியர்கள் கூடி, இந்தப் பகுதிகளை ஒரே நூலாகக் கட்டி வைப்பதா, பிரித்துத் தனித்தனிப் புத்தகமாக வைப்பதா என்று வாதாடினார்களாம். சரித்திரக் கதைகளை மட்டும் தனியே எடுத்துவிடலாம் என்று கூடச் சொன்னார்களாம். முடிவு வரவில்லை. அந்நேரம் மேத்தாப் சிங் என்ற வீரர், அமிர்தசரஸ் கோயிலை ஆக்கிரமித்திருந்த மஸ்ஸா ரங்கரைக் கொல்லப் போகிற வழியில் அங்கே வந்தார். நான் ஜெயித்துத் திரும்பினால் ஒரே நூலாகக் கட்டுங்கள், செத்துப்போனால் பிரித்துவிடுங்கள் என்றாராம். 1740 இல் மஸ்ஸாவின் தலையோடு திரும்பினார். நூல் ஒன்றாகவே நின்றது.

நடந்ததோ இல்லையோ, மரபே தன்னைப் பற்றி இப்படி ஒரு கதை சொல்லிக்கொள்கிறது. ஒரு நூல் எந்த உருவில் இருக்கணும் என்பதைப் பாட ஆராய்ச்சி தீர்க்கவில்லை; ஒரு வாள் தீர்த்தது. புனிதம் வானத்திலிருந்து இறங்குவதில்லை தோழர்களே. அது தரையில், ஆட்களால், அந்தந்த நேரத்துப் பலத்தை வைத்துக் கட்டப்படுகிறது. நாம் மனு நூலைப் பற்றிப் பேசும்போது இதைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எல்லா நூலுக்கும் இது பொருந்தும்.

இன்றைய நிலை என்ன? நாந்தேட் ஹசூர் சாகிபிலும் பாட்னா சாகிபிலும் நிகாங்குகளிடத்திலும் தசம் கிரந்தையும் குரு கிரந்தின் பக்கத்தில் விரித்து வைக்கிறார்கள். பஞ்சாபில் குருத்வாராக்களை நிர்வகிக்கிற சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945 இல் ஏற்ற ஒழுக்க விதிகளோ, குரு கிரந்துக்குச் சமமாக வேறெந்த நூலையும் வைக்கக் கூடாது என்கின்றன. ஆனால் அதே விதிகளின்படி ஒருவர் அமிர்தம் எடுத்து கால்சாவில் சேரும்போது ஓதுகிற ஐந்து பாடல்களில் மூன்று தசம் கிரந்திலிருந்து வருகின்றன. தினசரிப் பிரார்த்தனையான அர்தாஸின் தொடக்கமே அந்த நூலின் சண்டிப் பாட்டிலிருந்துதான். அந்த ஐந்தில் ஒன்றான சௌபாயியோ சரித்திரக் கதைகளின் கடைசியில் இருக்கிறது. ஆக முழுசாகத் தூக்கி எறியவும் முடியாது, முழுசாகத் தலையில் வைக்கவும் முடியாது. 2008 இல் அகால் தக்த் ஒரு நடுவழி சொன்னது: தசம் கிரந்த் சீக்கிய வரலாற்றின், இலக்கியத்தின் ஒரு பகுதி, ஆனால் குரு கிரந்துக்குச் சமம் இல்லை. அதோடு சண்டை அடங்கியதா என்றால் அடங்கவில்லை. ஒரு காலத்தில் அகால் தக்தின் ஜத்தேதாராகவே இருந்த பேராசிரியர் தர்ஷன் சிங், சரித்திரக் கதைகளைக் குருவின் வாக்காக ஏற்க முடியாது என்று பேசியதற்காக 2010 ஜனவரியில் மதத்தைவிட்டு விலக்கி வைக்கப்பட்டார்.

சரி, இதில் நாம் எந்தப் பக்கம்?

ஒரு தரப்பின் பேச்சு நம் காதுக்கு உடனே இனிக்கும். தசம் கிரந்த் பார்ப்பனிய ஊடுருவல், அவதாரக் கதையையும் தேவி வழிபாட்டையும் உள்ளே நுழைக்கச் செய்த வேலை, அதைத் தூக்கிவிட்டால் சீக்கியம் சுத்தமாகிவிடும் என்பார்கள். அந்த நூலில் பசித்தர் நாடக் என்ற பகுதி குருமார்களின் வம்சத்தை ராமனின் பிள்ளைகள் லவ, குசரோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இதைக் கேட்டதும் நமக்கும் பட்டென்று ஒட்டிக்கொள்ளும். வம்சப் பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குத் தெரியாதா?

ஆனால் அவசரப்பட வேண்டாம். இரண்டு காரணம் சொல்கிறேன்.

முதல் காரணம். மனிதர் எல்லாரும் ஒரே இனம் என்று அடித்துச் சொல்கிற அகால் உஸ்தத் இருப்பதும் இதே தசம் கிரந்தில்தான். எனக்குக் கிடைத்ததெல்லாம் இந்த எளிய ஜனங்களால் கிடைத்தது என்று குரு ஒரு பண்டிதரைப் பார்த்துச் சொல்லுகிற பாடலும் அங்கேதான். பஞ்சாபின் மஸ்பிகள், அதாவது துப்புரவுச் சாதியிலிருந்து வந்த சீக்கியர்கள், நெஞ்சில் வைத்திருக்கிற சொற்கள் இவை. சுத்தம் செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் எதை வெட்டுவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. நடந்திருக்கிறது. பசௌர் என்ற ஊரில் பாபு தேஜா சிங் என்பவர் சீக்கியத்தைச் சுத்தப்படுத்தக் கிளம்பினார். தசம் கிரந்தோடு நிற்கவில்லை. குரு கிரந்திலிருந்தே பக்தர்களின் பாடல்களை நீக்கணும் என்றார். பக்தர்கள் என்றால் யார்? கபீர், ரவிதாஸ், நாமதேவ். 1928 இல் அவரை விலக்கி வைத்தார்கள், நல்லதுதான். ஆனால் சுத்தம் என்ற சொல்லின் புத்தி என்ன என்று பாருங்கள். அது கத்தியை எடுத்தால் முதலில் நம் கழுத்துக்குத்தான் வரும். இது நமக்குத் தெரியாத சொல்லா?

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். சீக்கியத்தில் சாதி இருப்பதற்கு ஒரு புத்தகத்தைக் குற்றவாளியாக்கினால் யாருக்கு லாபம்? பஞ்சாபில் 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் சுமார் 32 சதம் தாழ்த்தப்பட்டோர். இந்தியாவில் எந்த மாநிலத்திலும் இவ்வளவு பங்கு இல்லை. விவசாய நிலத்திலோ அவர்கள் கையில் இருப்பது மிகச் சொற்பம். நிலம் ஜாட் சீக்கியர்களிடம். கிராமப் பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குத்தகைக்கு விடும்போது தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கணும் என்று சட்டம் இருக்கிறது. அந்த ஒரு பங்கைக் கேட்டதற்கே சங்ரூர் பக்கம் அடிபட்டிருக்கிறார்கள். பல கிராமங்களில் தனிக் குருத்வாரா, தனிச் சுடுகாடு. அந்தக் குருத்வாராக்களில் விரித்து வைத்திருப்பது தசம் கிரந்தா? இல்லீங்க. குரு கிரந்த்தான். ரவிதாஸ் இருக்கிற அதே நூல். ரவிதாஸின் பாட்டைக் காலையில் பாடிவிட்டு, ரவிதாஸின் பேரனைச் சாயங்காலம் வெளியே உட்கார வைக்க முடிகிறது. அப்போது குற்றம் எந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது? பிராமணன் உள்ளே விட்ட புத்தகம்தான் சாதியைக் கொண்டுவந்தது என்பது நிலம் வைத்திருக்கிறவனுக்கு ரொம்ப வசதியான ஆராய்ச்சி.

நூலை எழுதியது யார் என்ற கேள்வி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. சுவடிகளைப் படிக்கட்டும், மொழியை ஆராயட்டும். தலித் அறிஞர்களும் அதில் இறங்கணும். 1675 இல் டெல்லியில் வெட்டப்பட்ட குரு தேக் பகதூரின் தலையை ஆனந்தப்பூருக்குச் சுமந்து வந்தவர் பாயி ஜைத்தா, ரங்ரேட்டா சாதிக்காரர். குரு கோவிந்த் சிங் அந்தச் சாதியையே தன் பிள்ளைகள் என்று அணைத்துக்கொண்டதாக மரபு சொல்கிறது. பிறகு ஜீவன் சிங் ஆகிப் போரில் செத்தார். அவர் பெயரில் ஸ்ரீ குர் கதா என்று ஒரு நூல் வழங்குகிறது. 1428 பக்கத்துக்காகத் தலையை உடைத்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள்? எந்த நூலைப் பற்றிச் சண்டை போடுவது என்பதிலும் சாதி இருக்கிறது.

ஒரு நூலின் அதிகாரம் எளியவர் பக்கம் நின்ற நாளும் உண்டு. அதையும் சொல்லியாகணும்.

1920 அக்டோபர் 12. தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த சிலர் அமிர்தசரஸில் அமிர்தம் எடுத்துச் சீக்கியரானார்கள். கூட்டமாக ஹர்மந்திருக்குப் போனார்கள். பூசாரிகள் அவர்கள் கொண்டுவந்த கடா பிரசாதத்தைத் தொட மாட்டோம், அவர்களுக்காகப் பிரார்த்தனை செய்ய மாட்டோம் என்றார்கள். வாக்குவாதம் முற்றியது. கடைசியில், குருவையே கேட்போம் என்று குரு கிரந்தைத் திறந்தார்கள். திறந்த பக்கத்தில் வந்த பாடல், தகுதி இல்லாதவர்களுக்கும் அவன் அருள்கிறான் என்ற பொருளில் இருந்தது. பூசாரிகள் பணிந்தார்கள். அங்கிருந்து கூட்டம் அகால் தக்துக்குப் போனது. அங்கே இருந்த பூசாரிகள் இடத்தை விட்டே போய்விட்டார்கள். அன்றைய நிகழ்ச்சியின் தொடர்ச்சியாகத்தான் அடுத்த மாதமே சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி பிறந்தது. இன்று எது வேதம், எது வேதம் இல்லை என்று தீர்ப்புச் சொல்கிற அமைப்பு, தலித்துகள் கையில் பிரசாதத்தோடு வாசலில் நின்றதால் பிறந்த அமைப்பு.

அந்த நாளை நான் இரண்டு விதமாக வாசிக்கிறேன். நூல் கதவைத் திறந்தது, அது உண்மை. ஆனால் அதைத் திறக்கச் சொல்லி நின்ற ஜனம் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் மூடித்தான் கிடந்திருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. 'தகுதி இல்லாதவர்' என்ற அடைமொழியோடுதான் உள்ளே விட்டார்கள். கதவு திறந்தது, நாற்காலி கிடைக்கவில்லை. கமிட்டியில் தாழ்த்தப்பட்டோருக்குச் சில இடங்களை ஒதுக்கிய பிறகும் அதன் பிடி பெரும்பாலும் ஜாட் கையில்தான் இருந்துவருகிறது. 2003 இல் ஜலந்தர் பக்கத்துத் தல்ஹானில் ஒரு வழிபாட்டுத் தலத்தின் நிர்வாகத்தில் இடம் கேட்டதற்கே தலித்துகளை ஊர்விலக்கம் செய்தார்கள், கலவரம் வந்தது.

நாற்காலி கிடைக்காதவன் என்ன செய்வான்? வேறு வீடு கட்டுவான். 2009 மே மாதம் வியன்னாவில் ரவிதாஸ் கோயிலுக்குள் ஆயுதங்களோடு புகுந்து சந்த் ராமானந்தைக் கொன்றார்கள். பஞ்சாப் கொந்தளித்தது. அடுத்த ஜனவரியில், தர்ஷன் சிங்கை விலக்கி வைத்த அதே மாதக் கடைசியில், ஜலந்தர் பக்கத்து தேரா சச்கண்ட் பல்லான் அமைப்பினர் காசியில், ரவிதாஸ் பிறந்த இடமாகக் கருதப்படும் சீர் கோவர்தன்பூரில், ரவிதாசி தனி மதம் என்று அறிவித்தார்கள். குரு கிரந்துக்குப் பதிலாக ரவிதாஸின் பாடல்களை மட்டும் தொகுத்த அமிர்தபாணி என்ற நூல்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம், இந்த நூலில் எவ்வளவு குருவுடையது என்று பெரியவர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். இன்னொரு பக்கம், அந்தச் சபையில் இடமில்லாதவர்கள் தங்களுக்கென்று ஒரு நூலையே எடுத்துக்கொண்டு வெளியே போகிறார்கள். நூலை அவமதித்துவிட்டார்கள் என்று கத்தியவர்களுக்கு, ஏன் போனார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

எனக்கு அமிர்தபாணியைப் பற்றியும் ஒரு கவலை உண்டு. ரவிதாஸைத் தனியே எடுத்தால் கபீர் அங்கேயே நின்றுவிடுகிறார். நெசவாளியும் தோல் தொழிலாளியும் நாவிதரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பந்தி கலைந்துபோகிறது. ரவிதாசிகளிலேயே பலர் அந்தக் காரணத்தால் குரு கிரந்தை விடாமல் வைத்திருக்கிறார்கள். இது அவர்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. வெளியே தள்ளியவர்களுக்கு அதில் புத்திமதி சொல்ல உரிமை கிடையாது.

அம்பேத்கரிடம் வருகிறேன். 1936 இல் அவர் அமிர்தசரஸில் நடந்த சீக்கிய மாநாட்டுக்குப் போனார். சீக்கியத்தில் சேருவதைப் பற்றித் தீவிரமாக யோசித்தார். கடைசியில் 1956 இல் பௌத்தம் ஏற்றார். அங்கேயும் இதே சிக்கல் காத்திருந்தது. புத்தர் சொன்னதாக வழங்குகிறவற்றில் எது அவர் சொன்னது? அவர் மறைந்த பிறகு 1957 இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இதற்கு ஒரு உரைகல் தருகிறார். அறிவுக்குப் பொருந்துகிறதா, மனிதரின் நலனுக்கு உதவுகிறதா என்று உரசிப் பார்க்கச் சொல்கிறார். சுவடியின் வயதை மட்டும் வைத்து அவர் தீர்ப்பு எழுதவில்லை.

அந்த உரைகல்லில் தசம் கிரந்தை உரசினால் அகால் உஸ்தத் பொன்னாக நிற்கும். வம்சப் பெருமை நிற்காது. பெண்ணைச் சூழ்ச்சிக்காரியாகக் காட்டுகிற கதைகள் நிற்கவே நிற்காது, யார் பெயர் அதன் அடியில் இருந்தாலும் சரி. அந்தக் கதைகளைப் பற்றி இத்தனை வருடமாகத் தீர்ப்புச் சொல்கிற மேடைகளில் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்றும் கேளுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு நூல் வேதமா இல்லையா என்று கேட்கிற இடம் ஒரு நீதிமன்றம். அங்கே நாம் இதுவரை வழக்காக இருந்திருக்கிறோம், சிங்குவில் பிணமாகவும் இருந்திருக்கிறோம். தீர்ப்பு எழுதுகிற இடத்தில் இருந்ததில்லை. அதனால் இரு தரப்பும் நம்மைக் கூப்பிடும்போது, இந்த நூல் குருவுடையதா இல்லையா என்று மட்டும் பதில் சொல்லிவிட்டு வராதீர்கள். இதைத் தீர்க்கிற பெஞ்சில் யார் யார் இருக்கிறார்கள், மஸ்பி எங்கே, ரவிதாசி எங்கே, பெண்கள் எங்கே என்று திருப்பிக் கேளுங்கள். எந்த நூலின் பேராலும் ஒரு மனிதனைத் தொடக் கூடாது என்பதை முதலில் எழுதி வையுங்கள், பிறகு 1428 பக்கத்தையும் புரட்டலாம் என்று சொல்லுங்கள். சீக்கியத்துக்குள் இருந்து இதைக் கேட்கிற தலித் தோழர்கள் பஞ்சாபில் இருக்கிறார்கள். நாம் செய்யக் கூடியது, அவர்கள் எழுதுவதைத் தமிழில் கொண்டுவந்து படிப்பது. அடுத்த கூட்டத்துக்கு அதில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.